ஈத்தூண்டிலின் இலக்கணம்

இலக்கியம் தோன்றிய பின்னரே அதற்கு இலக்கணம் தோன்றும் என்பது தமிழறிஞர் நெடுங்காலமாக உடன்பட்ட முறைமை. மக்கள் கையாண்ட வழக்கை ஆராய்ந்து விதி வகுப்பவன் இலக்கண ஆசிரியன். ஆனால் அவ்விதி நாளடைவில் தன்னைப் பெற்ற வழக்கையே ஆள முற்படுவதும், விதியில் இல்லாதது உலகிலும் இருத்தல் கூடாதென அதனைக் கற்றோர் வாதிடுவதும், மொழி வரலாற்றில் மட்டுமன்றி மனிதனுடைய அறிவுத் துறைகள் பலவற்றிலும் காணப்படுவனவாம். பெரிய சாத்திரங்களிலேதான் இது நிகழும் என்று எண்ண வேண்டுவதில்லை. தென்னிங்கிலாந்தின் சிற்றாறுகளில் இளவேனிற் பருவத்தில் மீன் பிடிக்கும் ஒரு பொழுதுபோக்குக் கலையிலும் இது நிகழ்ந்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீடித்த அக்கருத்துப் போர், ஆராய்ச்சி எவ்வாறு கட்டளையாக இறுகுகின்றது, அக்கட்டளை எவ்வாறு மீண்டும் ஆராய்ச்சியினாலேயே தளர்கின்றது என்பவற்றைத் தெளிவுறக் காட்டுவதாகும்.

இப்போர் நிகழ்ந்த களம் இங்கிலாந்தின் தெற்கேயுள்ள ஹம்சயர்ப் பகுதி. அங்கு ஓடும் ரெஸ்ற், இச்சென் என்னும் ஆறுகள் நீளத்தாற் சிறியன. ஆயினும் தன்மையால் தனிச்சிறப்புடையன. அப்பகுதியின் நிலத்தடியிற் சோக்கு என வழங்கும் மென்மையான வெண்சுண்ணக்கல் பெருந்தடிப்பாகப் பரந்துள்ளது. மாரிக்காலத்து மழைநீர் அக்கல்லினுட் புகுந்து, பல திங்கள் தங்கி, வடிகட்டப்பெற்று, ஊற்றுக்களாக வெளிப்பட்டு ஆறாகின்றது. சுண்ணக்கற் பாறையின் மீது வாழ்ந்து, கிணற்று நீரையும் கீரிமலை போன்ற ஊற்றுக்களையும் நம்பியிருக்கும் யாழ்ப்பாணத்தார்க்கு இவ்வியல்பு எளிதில் விளங்கும். ஊற்று நீராதலின் அவ்வாறுகள் கடும் மழையிற் கலங்குவதும் அரிது, கோடையில் வற்றுவதும் அரிது. ஊற்றுவாயில் நீரின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் ஏறக்குறையப் பத்துப் பாகை சதமவளவில் நிற்கும். பளிங்கு போன்ற தெளிவினால், ஆற்றின் அடியிலுள்ள பாசிக்கொடிகளும், அவற்றினிடையே நீரோட்டத்தை எதிர்நோக்கி நிற்கும் மீன்களும் கரையிலிருப்பார் கண்ணுக்குப் புலனாகும். உலகிலுள்ள இவ்வகை ஆறுகளுட் பெரும்பாலானவை இங்கிலாந்திலேயே உள்ளன.

அம்மீன்களுட் சிறந்தது திரவுட். புள்ளிகள் நிறைந்த உடலையுடைய இம்மீன் குளிர்ந்த, உயிர்வளி மிகுந்த நீரிலன்றி வாழாது. ஆற்றில் தனக்கென ஓரிடத்தைத் தேர்ந்து நின்று, ஓட்டம் கொண்டுவரும் இரையை எதிர்பார்த்திருத்தல் இதன் வழக்கம். அவ்விரையுட் பெரும்பகுதி நீர்ப் பூச்சிகளேயாம். மே மாதத்தின் இறுதியிலும் யூன் மாதத்தின் தொடக்கத்திலும், தமிழர் கணக்கில் வைகாசித் திங்களில், அவ்வாறுகளில் ஓர் அரிய காட்சி நிகழும். ஆங்கிலேயர் மே மாதத்து ஈ எனப் பெயரிட்ட பூச்சியின் குஞ்சுகள், ஆற்றுப்படுகையின் வண்டலுள் ஏறத்தாழ ஈராண்டு புதைந்து வாழ்ந்தபின், திரள் திரளாக நீர்மட்டத்துக்கு எழுந்து, தோலுரித்து, சிறகு விரிக்கும். சிறகுகள் உலரும்வரை அவை நீரின்மேல் மிதந்து செல்லும்; பின்னர்க் கரையோர மரங்களை அடைந்து, மற்றுமொருமுறை தோலுரித்து, ஒளிரும் சிறகுகளுடன் ஆற்றின்மேற் கூடிப் பறந்து, முட்டையிட்டு மடியும். சிறகு பெற்றபின்னும் ஒருமுறை தோலுரிக்கும் பூச்சியினம் இஃதொன்றே. சிறகு பெற்றபின் இவை உண்பதுமில்லை. நம் நாட்டு ஈசலைப் போல ஓரிரு நாளில் முடியும் இவ்வாழ்வு பற்றியே கிரேக்கர் ஒருநாள் வாழ்வன என்னும் பொருளில் இவற்றுக்குப் பெயரிட்டனர். இவ்விருந்து நிகழும்போது திரவுட் மீன்கள் அச்சத்தை மறந்து நீர்மட்டத்தில் வாய் திறந்துண்ணும். அப்போது திறமையற்றோரும் மீன் பிடிக்கக்கூடுமாதலின், அந்நாட்களைக் கற்றுக்குட்டிகளின் பதினைந்து நாள் என ஆங்கிலேயர் நகையாடுவர்.

இப்பூச்சிகளை முள்ளிற் கோத்தல் அரிது. கோப்பினும் அவை சிதைந்துவிடும். எனவே, இறகு, உரோமம், பட்டுநூல் முதலியவற்றைச் சிறு முள்ளின்மேற் கட்டிப் பூச்சியின் போலியுருவை அமைத்து, அதனால் மீனை ஏமாற்றும் முறை எழுந்தது. இதனை ஈத்தூண்டில் எனலாம். ஏனைய தூண்டில்களில் இரையின் பாரமோ ஈயக்குண்டின் பாரமோ கயிற்றை இழுத்துச் செல்லும். போலி ஈக்கோ பாரமே இல்லை. ஆதலின் இம்முறையில் கயிற்றின் பாரமே ஈயைச் சுமந்து செல்லவேண்டும். வளையும் கோலினாற் கயிற்றைப் பின்னும் முன்னும் வீசி, முடிவில் ஈயை மட்டும் மென்மையாக நீரின்மேல் இறக்குதலே இக்கலையின் உயிர்நிலை.

இதன் தோற்றம் மிகப் பழையது. ஏறக்குறைய கி. பி. 200ஆம் ஆண்டளவில் வாழ்ந்த ஈலியன் என்னும் உரோம ஆசிரியன், விலங்குகளின் இயல்பு பற்றிக் கிரேக்க மொழியில் இயற்றிய நூலில், மசிடோனிய நாட்டு ஆறொன்றில் மக்கள் செந்நிறக் கம்பளி நூலை முள்ளிற் சுற்றி, சேவலின் இறகுகள் இரண்டைச் சேர்த்து, புள்ளியுடைய மீன்களைப் பிடித்தமையைக் கூறுகின்றான். இங்கிலாந்தில் 1496ஆம் ஆண்டு விங்கின் டி வேர்ட் என்பார் அச்சிட்ட நூலொன்றிலடங்கிய தூண்டில் பற்றிய பகுதி, பன்னிரண்டு வகை ஈக்களைத் திங்கள் வரிசைப்படுத்தித் தருகின்றது. அதனை யூலியானா பேணர்ஸ் என்னும் துறவுப் பெண்மணி இயற்றினார் என்பது வழிவழி வந்த செய்தியேயன்றி உறுதிப்பட்டதன்று.

இத்துறையின் பெரும்புகழ் பெற்ற நூல், 1653ஆம் ஆண்டில் ஐசாக் வோல்ற்றன் வெளியிட்ட 'முழுமை பெற்ற தூண்டிலாளன்' என்பதாகும். மன்னனுக்கும் பாராளுமன்றத்துக்கும் நிகழ்ந்த உள்நாட்டுப் போர் ஓய்ந்து, மன்னன் கொலையுண்டு, அமைதியை நாடுவோர் ஆற்றங்கரைகளை எண்ணி ஏங்கிய காலத்தில் அந்நூல் பிறந்தது. அரசன் கட்சியைச் சார்ந்த வோல்ற்றன் அதில் அரசியலை விடுத்து அமைதியைப் பாடினார் எனலாம். ஆயினும் ஈத்தூண்டிலில் அவருக்குப் பெருந்தேர்ச்சி இல்லை. அக்குறையை நிரப்பியவர் அவருடைய இளைய நண்பர் சாள்ஸ் கொற்றன். டவ் ஆற்றங்கரையில் வாழ்ந்த கொற்றன் எழுதிய பகுதி, 1676ஆம் ஆண்டில் வெளிவந்த ஐந்தாம் பதிப்பிற் சேர்க்கப்பட்டது. தெளிந்த நீரில் திரவுட் மீனைப் பிடிப்பதற்கு மெல்லிய கயிறும் தொலைவிலிருந்து வீசும் திறமும் வேண்டும் என்னும் அவருடைய அறிவுரை இன்றளவும் பொன்றாதது. வோல்ற்றன் 1683ஆம் ஆண்டில் வின்செஸ்ரர் நகரிற் காலமாகி, இச்சென் ஆற்றின் அருகே நிற்கும் அந்நகரப் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். பிற்காலக் கருத்துப் போருக்குரிய ஆற்றின் அயலிலேயே இத்துறையின் தந்தையார் துயில்கின்றார் என்பது நினைக்கத்தக்கது.

கொற்றனுக்குப் பின் ஒன்றரை நூற்றாண்டு கழிந்து, இக்கலையில் அறிவியல் நோக்குப் புகுந்தது. அல்பிரட் ரொனால்ட்ஸ் என்பார் ஸ்ரபோட்சயர்ப் பகுதியின் பிளைத் ஆற்றங்கரையில் ஒரு சிறு குடிலமைத்து, அதனுள்ளிருந்து திரவுட் மீனின் பார்வை, கேள்வி, உணவுத்தேர்வு ஆகியவற்றைச் சோதித்தார். 1836ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல், போலி ஈ ஒவ்வொன்றையும் அதற்கு மூலமான பூச்சியுடன் அறிவியல் முறைப்படி இணைத்தது. செவிவழி வந்த பெயர்களைக் கைவிட்டு, பூச்சியைக் கண்ணாற் கண்டு வகைப்படுத்தும் நெறி அதனால் வேரூன்றிற்று.

அதுகாறும் ஈ என்பது பெரும்பாலும் நீருள் அமிழ்ந்து செல்லும் ஈயேயாகும். குதிரைவால் மயிரால் முறுக்கிய கயிறு பாரமற்றது. காற்றை எதிர்த்துச் செல்லாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கருவிகள் மாறின. எண்ணெயூட்டிய பின்னற் பட்டுக்கயிறு பாரத்தைத் தந்தது. மூங்கிலைப் பிளந்து ஒட்டிய கோல் விசையைத் தந்தது. தூண்டில் முள்ளிலும் ஒரு சிறு திருத்தம் பெரும்பயன் விளைத்தது. முன்னர் முள்ளின் தண்டுடன் நரம்பை நூலாற் கட்டுவர். அக்கட்டுத் தேய்ந்தால் ஈயே பயனற்றுப்போம். ஊசிக்குக் காது இருப்பதுபோலச் சிறு முள்ளுக்கும் காதமைத்து, அதிற் கயிற்றை முடியும் வழியை 1870களின் இறுதியில் உருவாக்கியவருள் ஒருவர் ஹென்றி சின்கிளெயர் ஹோல். கிளிப்ரன் கல்லூரிக் கணித ஆசிரியரான இவரே, ஹோல் - நைற் அட்சரகணித நூல்களின் ஆசிரியருள் முதல்வர். இலங்கையிலும் இந்தியாவிலும் அந்நூலின் கணக்குகளோடு பல தலைமுறை மாணாக்கர் போராடினர். அவற்றை வகுத்தவரின் கை மற்றைப்பொழுதில் ஈத்தூண்டில் முள்ளைத் திருத்திக்கொண்டிருந்தது என்பதை அறிந்தார் சிலரே.

இக்கருவிகளின் துணையால், நீரில் அமிழாது மிதக்கும் ஈயைக் கொண்டு மீன்பிடித்தல் வளர்ந்தது. ஈயைக் காற்றில் பன்முறை வீசி ஈரம் போக்கிய பின்னரே நீரில் இறக்குவராதலின் இது உலர் ஈ எனப்பட்டது. உண்பதற்கு மேலெழும் மீனொன்றைக் கண்டு, அதற்குப் பின்னே கீழ்நீர்ப்பக்கம் நின்று, அது உண்ணும் பூச்சி யாதெனத் தெரிந்து, அதன் போலியை மேல்நீர்ப்பக்கம் இறக்கி, இயற்கைப் பூச்சியைப் போலவே மிதந்துவரச் செய்தல் இதன் முறை.

இம்முறைக்கு இலக்கணம் வகுத்தவர் பிரெடரிக் ஹல்போட். 1844ஆம் ஆண்டிற் பிறந்த இவர், 1879ஆம் ஆண்டில் வின்செஸ்ரரிலுள்ள தூண்டிற் கடையொன்றில் ஜோர்ஜ் செல்வின் மரியற் என்பவரைச் சந்தித்தார். அக்கால வல்லுநருள் தலைசிறந்தவராகக் கருதப்பட்ட மரியற் நூலெழுத விரும்பாதவர். ஹல்போட் எழுதுவதில் அயராதவர். இருவரும் கூடி ஆற்றுப் பூச்சிகளைத் திரட்டினர், வளர்த்தனர், வரைந்தனர், பிடித்த மீன்களின் இரைப்பைகளைப் பிளந்து நோக்கினர். இவ்வுழைப்பின் பயனாக 1886ஆம் ஆண்டில் மிதக்கும் ஈக்கள் பற்றிய நூலும், 1889ஆம் ஆண்டில் உலர் ஈயின் கொள்கையும் செயன்முறையும் பற்றிய நூலும் வெளிவந்தன. முன்னையோர் ஊகத்தாற் கூறியவற்றை இவர்கள் சோதனையால் நிறுவினர். இலண்டனில் 1884ஆம் ஆண்டு தோன்றிய ஈத்தூண்டிலாளர் கழகம், பின்னர்ப் பிரித்தானிய வெளிநாட்டமைச்சராய் விளங்கிய எட்வேட் கிறே 1899ஆம் ஆண்டில் எழுதிய நூல் ஆகியவற்றால் இக்கலை கற்றோர் மதிப்பைப் பெற்றது.

ஆனால் வெற்றியே வினையாயிற்று. உலர் ஈ சிறந்த முறை என்று தொடங்கிய கூற்று, வெண்சுண்ண ஆறுகளில் அதுவே தக்க முறை என்றாகி, முடிவில் அதுவே அறமான முறை என்றாயிற்று. நீருள் அமிழும் ஈயைப் பயன்படுத்துவோன் திறமையற்றவன் மட்டுமல்லன், பண்பற்றவனுமாவான் என்ற எண்ணம் பரவியது. 1896ஆம் ஆண்டில் மரியற் மறைந்தபின், ஹல்போட்டின் கருத்தை உரைத்துப்பார்க்கும் நெருங்கிய துணையும் இல்லாதொழிந்தது. 1910ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல், ஆண் பூச்சி பெண் பூச்சி என்னும் வேறுபாட்டையும் பேணி, நிறங்களை நுணுகி வரையறுத்து, முப்பத்துமூன்று ஈக்களை விதித்தது. தொகுதி முற்றுப்பெற்றது, இனி ஆராய வேண்டுவது சிறிதே என்ற தோற்றம் உண்டாயிற்று.

அதே 1910ஆம் ஆண்டில் வேறொரு சிறு நூலும் வெளிவந்தது. அதனை எழுதியவர் ஜோர்ஜ் எட்வேட் மக்கென்சி ஸ்கியூஸ். நியூபவுண்லாந்தில் 1858ஆம் ஆண்டிற் பிறந்து, வின்செஸ்ரர்க் கல்லூரியிற் கற்று, இலண்டனிற் சட்டத்தரணியாகத் தொழில் புரிந்த இவர், 1883ஆம் ஆண்டு முதல் வின்செஸ்ரரின் அயலிலே இச்சென் ஆற்றின் ஒரு பகுதியில் மீன்பிடித்து வந்தார். ஹல்போட்டின் நூல்களைப் போற்றிக் கற்றவர்களுள் இவரும் ஒருவர். ஒருகால், நன்றாக மிதவாத ஈயொன்று நீருள் அமிழ, மிதக்கும் ஈயை மறுத்த மீன்கள் அதனைக் கவ்வக் கண்டார். பிறர் அதனைத் தற்செயலென்று தள்ளியிருப்பர். சான்றுகளை நிறுத்துப் பார்த்துப் பழகிய ஸ்கியூஸ் தள்ளவில்லை. எலும்பு மச்சையை அள்ளும் ஒடுங்கிய நீண்ட கரண்டியால், பிடித்த மீனின் இரைப்பையிலுள்ளதை எடுத்து, வெண்ணிறத் தட்டிலுள்ள நீரில் இட்டுப் பார்ப்பது அவர் வழக்கமாயிற்று. அத்தட்டிற் சிறகுள்ள பூச்சிகள் சிலவே மிதந்தன. பெரும்பாலானவை சிறகு விரியாத இளம் பருவத்தன. விலங்கியலார் அணங்கு என வழங்கும் அப்பருவத்துப் பூச்சிகள் நீர்மட்டத்தை நோக்கி எழும்போதே மீன்கள் அவற்றை உண்டிருந்தன. மேலெழும் மீன் எல்லாம் மேலே மிதப்பதையே உண்கின்றது என்ற கொள்கை அத்தட்டிலே தளர்ந்தது.

இதில் வியப்பென்னவெனில், ஹல்போட்டும் இதனைக் கண்டிருந்தார் என்பதே. அவரும் இரைப்பைகளைச் சோதித்தவர். நீரடியிரையே அவற்றுள் மிகுதி என்பதை அறிந்தவர். அணங்குகளின் போலியை அமைக்கவும் முன்பு முயன்றவர். அம்முயற்சி நிறைவுறாதபோது அவர் அதனை விடுத்தார். அவர் விடுத்ததை அவர் மாணாக்கர் விலக்கெனக் கொண்டனர். ஆசிரியன் காணாததன்று, ஆசிரியன் கண்டும் கைவிட்டதே பின்னோர்க்குத் தடையாயிற்று.

ஸ்கியூஸ் உலர் ஈயைப் பழித்தாரல்லர். மீன் மிதப்பதை உண்ணும்போது மிதப்பதைத் தருக. அமிழ்ந்ததை உண்ணும்போது அமிழ்ந்ததைத் தருக என்பதே அவர் நிலை. 1921ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் மீனின் பார்வையையும் சுவையையும் ஆராய்ந்தார். நீருள்ளிருந்து மேல்நோக்கும் மீனுக்கு, ஒளிமுறிவின் விதிப்படி, புறவுலகு முழுவதும் ஒரு வட்டப் பலகணியினூடாகவே தோன்றும். அப்பலகணியின் கோணம் ஏறக்குறைய 97 பாகை. அதற்கு அப்பால் நீர்மட்டம் கண்ணாடி போல ஆற்றின் அடியையே காட்டும். மனிதன் கரையிலிருந்து காணும் ஈயும் மீன் கீழிருந்து காணும் ஈயும் ஒன்றல்ல. எனவே, மனிதக் கண்ணுக்கு ஒத்த போலியே மீனுக்கும் ஒத்ததாகும் என்ற துணிபு பொருந்தாதாயிற்று.

ஹல்போட் 1914ஆம் ஆண்டிற் காலமானார். அவர் பெயராற் பேசியோர் ஓயவில்லை. 1938ஆம் ஆண்டில் இலண்டன் ஈத்தூண்டிலாளர் கழகத்தில், வெண்சுண்ண ஆறுகளில் அணங்குப் போலியைப் பயன்படுத்தல் முறையோ என்னும் விவாதம் நடைபெற்றது. எண்பது வயதை எட்டிக்கொண்டிருந்த ஸ்கியூஸ் அங்கு எழுந்து தம் கொள்கையைக் காத்து உரைத்தார். அவையின் பெரும்பான்மை அவர் பக்கம் இருக்கவில்லை. ஐம்பத்தைந்து ஆண்டுகள் மீன்பிடித்த இச்சென் ஆற்றுப் பகுதியை அவர் அவ்வாண்டோடு விட்டு நீங்கினார். அடுத்த ஆண்டில், அணங்கு பற்றிய தம் முடிந்த நூலை வெளியிட்டார். அவையிற் பெறாத தீர்ப்பை அவர் ஏட்டில் எழுதிவைத்தார்.

அத்தீர்ப்பை உறுதிப்படுத்தியவர் கழகத்துச் செல்வரல்லர். ஆற்றுக் காவலர் ஒருவர். வில்ற்சயரில் ஏவன் ஆற்றைக் காத்துவந்த பிராங்க் சோயர், நாள்தோறும் நீரை நோக்கி, அணங்குகள் நீந்தும் வகையைத் தாமே கண்டறிந்தார். நூலின்றி, மெல்லிய செம்புக் கம்பியையும் பெசன்ற் என்னும் பறவையின் வாலிறகையும் மட்டும் கொண்டு அவர் அமைத்த போலி உலகெங்கும் பரவிற்று. அவரை எழுதுமாறு ஊக்கியவர்களுள் முதியவரான ஸ்கியூசும் ஒருவர். ஸ்கியூஸ் 1949ஆம் ஆண்டில், தொண்ணூறாம் வயதில் மறைந்தார். சோயரின் அணங்கு நூல் 1958ஆம் ஆண்டில் வெளிவந்தது. இன்று உலர் ஈயும் அணங்கும் ஒரே தூண்டிலாளனின் பெட்டியிற் பக்கம் பக்கமாக இருக்கின்றன. எனினும் பழைய விதியைப் பேணும் ஆற்றுப் பகுதிகள் இன்னும் சில உள.

ஒரு நாட்டின் ஆற்றிற் பிறந்த விதி வேற்று நாட்டுக்குச் செல்லும்போது அதன் எல்லை மேலும் விளங்கும். ஆங்கிலேயர் தாம் குடியேறிய நாடுகளுக்குத் தம் மீனையும் கொண்டுசென்றனர். 1864ஆம் ஆண்டில் பனிக்கட்டியும் பாசியும் பொதிந்த பெட்டிகளிற் கப்பலேறிய திரவுட் முட்டைகள் தஸ்மேனியாவை அடைந்து பொரித்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இலங்கையின் நுவரெலியாப் பகுதி ஓடைகளிலும் இம்மீனினம் இடப்பட்டது. 1896ஆம் ஆண்டில் இலங்கை மீன்பிடிக் கழகம் தோன்றியது. ஹோட்டன் சமவெளியின் குளிர்நீரில் நிலைபெற்றது வட அமெரிக்காவுக்குரிய வானவில் திரவுட். ஹம்சயரின் வைகாசி விருந்தோ வெண்சுண்ணத் தெளிவோ அங்கில்லை. ரெஸ்ற் ஆற்றுக்கு வகுத்த அட்டவணை அவ்வோடைகளுக்குப் பொருந்துமாறுமில்லை. மேலும், புதிதாய்ப் புகுத்தப்பட்ட இம்மீனால் அங்குள்ள உள்நாட்டு நீருயிர்களுக்கு நேரும் தீங்கினை இக்கால ஆய்வாளர் சுட்டுகின்றனர். மீனைக் கொண்டுசென்றோர் கணக்கில் அவ்வுயிர்கள் இடம்பெறவில்லை.

இன்று வெண்சுண்ண ஆறுகளுக்கு நேர்ந்துள்ள இடர் வேறு. நகரங்களின் தேவைக்காக நிலத்தடி நீர் இறைக்கப்படுதலும், வயல்களின் உரமும், கழிவுநீரும் அவற்றின் தெளிவையும் ஓட்டத்தையும் குறைக்கின்றன. பூச்சிகள் குறைந்த ஆற்றில் உலர் ஈயா அணங்கா என்னும் வழக்குக்கே இடமில்லை. ஆற்றின் நலத்தை அறிய விரும்புவோர் இன்று செய்வதும் ஸ்கியூஸ் செய்ததைப் போன்றதே: படுகையைக் கிளறி வலையில் ஏந்தி, ஒரு தட்டிலுள்ள நீரிலிட்டு, அணங்குகளை எண்ணுகின்றனர்.

ஹல்போட்டின் உழைப்பின்றி ஸ்கியூசின் கண்டுபிடிப்பு இல்லை. பூச்சிக்குப் பெயரும் வகையும் தந்து, பார்க்கக் கற்பித்தவர் ஹல்போட். பார்த்ததை விதிக்கு அடகு வையாதவர் ஸ்கியூஸ். முன்னோர் நூலை மதித்தல் என்பது அவர் முடிவுகளை ஒப்பித்தல் அன்று, அவர் செய்த சோதனையை மீண்டும் செய்தலே என்பதற்கு, தென்னிங்கிலாந்துச் சிற்றாறொன்றின் கரையில் வைக்கப்பட்ட அவ்வெண்ணிறத் தட்டுச் சான்றாக நிற்கின்றது.